சார்ட்டர் பள்ளி வேலை: கையெழுத்துப் போடும் முன்

அமெரிக்காவில் ஆசிரியர் வேலை தேடுகிறவர் கண்ணில் சார்ட்டர் பள்ளி விளம்பரம் படாமல் போகாது. அரசுப் பணத்தில் நடக்கும், கட்டணம் வாங்காத பள்ளிகள் இவை. நிர்வாகம் மட்டும் தனி வாரியத்தின் கையில். 1991இல் மினசோட்டா முதல் சட்டம் இயற்றியது. மறு ஆண்டே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. நல்ல பள்ளிகளும் இவற்றில் உண்டு. ஆனால் பள்ளியின் பெயரை மட்டும் நம்பி வேலைக்குச் சேர்வது ஆபத்து என்று ஓர் ஆசிரியராக நான் உறுதியாகச் சொல்வேன்.

‘நூறு சதவீதம் கல்லூரிச் சேர்க்கை’ என்று வாசலில் பதாகை தொங்கினால், எத்தனை பேரில் நூறு சதவீதம் என்று கேளுங்கள். மாநிலத் தேர்வுகளில் முன்னணியில் நிற்கும் நியூயார்க்கின் சக்சஸ் அகாடமி, 2006இல் 73 பிள்ளைகளோடு முதல் வகுப்பைத் தொடங்கியது. 2018இல் பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வந்த முதல் அணியில் 16 பேரே இருந்தார்கள். வீடு மாறிப் போனவர்களும் விடுபட்டவர்களில் இருக்கலாம். ஆனாலும் அந்த இடைவெளியைப் பதாகை சொல்லாது.

ஆசிரியர்களைப் பற்றியும் இதே கேள்விதான். மாதிரிப் பாடம் நடத்தச் சொல்வார்கள். முடித்ததும், போன ஆண்டு இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், இந்த இடம் ஏன் காலியானது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் தனியாகப் பேசாமல் சேராதீர்கள். பணம் எங்கே போகிறது என்றும் பாருங்கள்: லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவான பல பள்ளிகள் வருமான வரித் துறைக்குத் தரும் 990 படிவத்தை யாரும் பார்க்கலாம். மேலாளர்களின் சம்பளம் அதில் இருக்கும்.

நியமனக் கடிதத்தில் ‘அட்-வில்’ என்ற சொல்லைத் தேடுங்கள். அது இருந்தால், காரணம் சொல்லாமலேயே எந்த நாளிலும் உங்களை அனுப்பிவிடலாம். பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகளில் தொழிற்சங்கமும் கிடையாது. அரசு ஓய்வூதியத் திட்டத்தில் உங்களைச் சேர்ப்பார்களா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பள்ளியின் உரிமம் எந்த ஆண்டு முடிகிறது என்பதையும் விசாரியுங்கள். ஒஹாயோவின் ஈகாட் என்ற இணையவழிப் பள்ளி 2018 ஜனவரியில், கல்வியாண்டு பாதியில் இருக்கும்போதே மூடப்பட்டது. சுமார் 12,000 மாணவர்கள் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று, ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள்.

சங்கம் இல்லையென்றால் உரிமையே இல்லை என்று பொருளல்ல. நியூயார்க், பென்சில்வேனியா வழக்குகளில் சார்ட்டர் பள்ளியும் தனியார் முதலாளியே என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2016இல் தீர்ப்பளித்தது. அந்த வாரியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட பள்ளியில் சக ஆசிரியரோடு சம்பளத்தைப் பற்றிப் பேசியதற்காகத் தண்டித்தால், ஆறு மாதத்துக்குள் வாரியத்திடம் புகார் தரலாம்.

எச்-1பி என்ற வேலை விசாவில் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். விசா மனுவின் கட்டணத்தையும் அதற்கான வழக்கறிஞர் செலவையும் பள்ளியே ஏற்க வேண்டும். உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலை போனால் அடுத்த இடம் தேட அதிகபட்சம் 60 நாள்தான். காலத்துக்கு முன்பே நீக்கினால் ஊர் திரும்பும் பயணச் செலவு பள்ளியின் பொறுப்பு. பணம் பிடித்தால் ரசீது, மின்னஞ்சல், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, 12 மாதத்துக்குள் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் புகார் கொடுங்கள். மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்டி பள்ளி நிர்வாகம் சார்ட்டர் அல்ல, சாதாரண அரசு நிர்வாகம்தான். அதுவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு 42 லட்சம் டாலரைத் திருப்பித் தர 2011இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.