கேம் விளையாடும் பிள்ளைகள் கேம் செய்யட்டுமே!

"டாக்டர், போனைப் பிடுங்கினா சாப்பிட மாட்டேங்கிறான். கொடுத்தா தூங்க மாட்டேங்கிறான். என்னதான் பண்றது?"

லீவு விட்டால் போதும், தாய்மார்கள் பலர் என்னிடம் கேட்கிற கேள்வி இது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் சிமிட்டுவது குறையும். கண் காய்ந்து எரியும். குனிந்தே இருந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். வலிக்குத் தைலம் தரலாம். ஆனால், தனியாக மூலையில் உட்கார்ந்து பழகிவிட்ட பிள்ளையை வெளியே இழுத்துவர என்னிடம் சூரணம் எதுவும் இல்லையே!

ஒரு வழி சொல்கிறேன். தெருப் பிள்ளைகள் எட்டுப் பேரைக் கூப்பிட்டு, ஒரு நாள் அவர்களையே கேம் செய்ய விடுங்கள்.

"ஐயோ, அதுக்கு இன்ஜினீயரிங் படிச்சிருக்கணுமே!" என்று பதறாதீர்கள். 'ஸ்கிராட்ச்' என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கானது. கட்டளைகளை டைப் அடிக்க வேண்டாம். கலர் கலரான கட்டைகளை ஒன்றோடொன்று கோத்தால் போதும், திரையில் இருக்கும் பூனை நடக்கும், குதிக்கும். 2009-லேயே 'ஸ்கிராட்ச் டே' என்று உலகின் பல ஊர்களில் பிள்ளைகள் கூடிச் செய்து பார்த்தார்கள்.

ஏற்பாடு எப்படி?

எட்டுப் பிள்ளைகளுக்கு நாலு லேப்டாப் போதும். அரசு கொடுத்த இலவச லேப்டாப் பரணில் தூங்கினால் தட்டி எழுப்புங்கள். முதல் நாளே மென்பொருளை இறக்கி வைத்துவிட்டால், அன்றைக்கு இன்டர்நெட் தேவையில்லை. உதவிக்குக் காலேஜ் படிக்கிற அக்காவோ அண்ணனோ இரண்டு பேர் இருந்தால் நல்லது.

ஒரு லேப்டாப்புக்கு இரண்டு பேர். இதை மாற்றாதீர்கள். ஆளுக்கொன்று கொடுத்தால் மறுபடியும் தனித்தனி மூலைதான்!

காலை ஒன்பதரைக்கு ஆரம்பியுங்கள். முதல் அரைமணி நேரம் லேப்டாப்பைத் திறக்கவே கூடாது. ஒரு பிள்ளை 'ரோபோ'. இன்னொரு பிள்ளை, "ரெண்டு அடி முன்னால போ, வலது பக்கம் திரும்பு" என்று சொல்லி, அதைத் தண்ணீர்ப் பானை வரை நடத்த வேண்டும். சொன்னதை மட்டும்தான் ரோபோ செய்யும். சிரிப்போடு சிரிப்பாக, புரோகிராம் என்றால் என்ன என்பது புரிந்துவிடும். அப்புறம் காகிதத்தில் கேமை வரையட்டும்.

முதல் கேம் எளிதாக இருக்கட்டும். மேலேயிருந்து மாங்காய் விழ வேண்டும். கீழே பூனை பிடிக்க வேண்டும். பிடித்தால் ஒரு பாயின்ட்.

கண்ணும் கழுத்தும்

20 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடியுங்கள். எல்லோரும் எழுந்து, 20 அடி தள்ளியிருக்கும் மரத்தையோ மாடியையோ 20 விநாடி பார்க்கட்டும். அப்போதே மவுஸும் கை மாற வேண்டும், சண்டை வராது. கட்டிலில் படுத்துக்கொண்டு வேலை கூடாது. கால் தரையில் பதிய வேண்டும். திரை ஒரு கை நீளம் தள்ளி, கண் மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்கட்டும்.

பதினொரு மணிக்குச் சுண்டலும் நீர்மோரும். சிப்ஸ், கலர் வேண்டாமே! பகல் ஒரு மணிக்கு முடித்துவிட்டு, மாலையில் வெயில் தாழ்ந்ததும் தெருவில் ஓடி விளையாட அனுப்புங்கள்.

எங்கள் தெருவில் இப்படி நடத்தியபோது, வாயே திறக்காத ஒரு பையன் வந்திருந்தான். வயது பதினொன்று. அவன் கேமில் மாங்காய் பூனை மேல் விழுந்தும் பாயின்ட் ஏறவில்லை. கோபத்தில் லேப்டாப்பை மூடப் போனான். பக்கத்தில் இருந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி, "அண்ணா, இந்தக் கட்டை வெளியில இருக்கு பாரு" என்றாள். 'மாங்காய் பட்டால்' என்கிற கட்டையை, 'எப்போதும் செய்' கட்டைக்கு உள்ளே வைக்காமல் மேலே வைத்திருந்தான். கம்ப்யூட்டர் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. ஒரு வேளை மருந்தோடு நிறுத்திக்கொள்கிறவர்களைப் போல! உள்ளே மாற்றினான்; பாயின்ட் ஏறியது. அப்புறம் அந்தச் சிறுமிக்கு அவன் சொல்லிக்கொடுத்ததைப் பார்க்க வேண்டுமே!

ஒரே நாளில் அவன் போனை விட்டுவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஆனால், மறுநாள் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். அது பெரிய விஷயம்.

கடைசி அரைமணி நேரம், ஒருவர் செய்த கேமை மற்றவர்கள் விளையாடட்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோரும் வந்து விளையாடித் தோற்றால் போதும்!

ஒரு எச்சரிக்கை. கேம் அடிமைத்தனத்தை 2019-ல் உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. விளையாடுகிற பிள்ளையெல்லாம் நோயாளி இல்லை. ஆனால் தூக்கம், சாப்பாடு, படிப்பு மூன்றும் மாதக்கணக்கில் கெட்டுப்போனால் தள்ளிப்போடாதீர்கள். மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்ற பிள்ளைகளுக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமையே நாள் குறித்துவிடுங்கள். சுண்டலுக்குச் சனிக்கிழமை இரவே கடலையை ஊறப்போட மறக்காதீர்கள்!