நான் ரஷ்ய மொழி படித்த கதை

"ரஷ்ய மொழியா? அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய் பிள்ளை?"

களனிப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத உறவினர் இல்லை. மொழியியல் என் பிரதான பாடம். துணைப்பாடமாக ரஷ்ய மொழியை எடுத்தேன்.

காரணம் எங்கள் கடைதான். 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்து, மெனிக் பாம் முகாமில் இருந்து, அடுத்த ஆண்டு மாமாவின் ஆதரவில் நாலந்தாவுக்கு வந்து சேர்ந்தோம். யாழ்ப்பாணத்தில் இருந்து கண்டிக்கு பஸ்ஸில் போகும் சகோதரிகள் தம்புள்ளையைத் தாண்டியதும் இவ்வூரைக் கண்டிருப்பீர்கள். பல்லவர் பாணியில் கட்டிய பழைய பௌத்தக் கற்கோயில் ஒன்று இங்கே உண்டு. கெடிகே என்பார்கள். போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்க இருந்த அதைக் கல் கல்லாகக் கழற்றி மேட்டு நிலத்தில் திரும்பக் கட்டினார்கள். (இடம்பெயர்ந்த கோயில் என்று அம்மா சொல்லுவார்.) அதைப் பார்க்க வருகிறவர்கள் மாமாவின் கடையில் செவ்விளநீர் குடிப்பார்கள். அவர்களில் ரஷ்யர் பலர். 2023இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகளில் இந்தியருக்கு அடுத்தபடி அவர்கள்தான். நாலு வார்த்தை தெரிந்தால் வியாபாரத்துக்கு உதவும் என்றுதான் தொடங்கினேன்.

வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ். எழுத்துக்கூடத் தெரியாமல் வந்தவர்களே பெரும்பாலும் என்பதால் வெட்கப்படத் தேவை இருக்கவில்லை. எழுத்துகள் 33. வேற்றுமை ஆறு. நமக்கு எட்டு இருக்கிறதே, ஆகவே அதற்குப் பயப்படவில்லை. "இது வீடு" என்று நாம் சொல்வதுபோலவே அவர்களும் "எத்தா தோம்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆங்கிலத்தைவிட இது எனக்குக் கிட்டவாகத் தெரிந்தது. உச்சரிப்புத்தான் ஒரு வருடம் வாட்டி எடுத்தது.

இறந்தகாலத்தில் ஒரு புதுமை கண்டேன். தமிழில் "தேடினேன்" என்றால் சொன்னது ஆணா பெண்ணா என்று தெரியாது. ரஷ்ய மொழியில் ஆண் "யா இஸ்கால்" என்பான், பெண் "யா இஸ்காலா" என்பாள். தேடியவள் ஒரு பெண் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு அம்மாவின் நினைவுதான் வந்தது. பதினேழு வயதில் காணாமல் போன அண்ணாவைத் தேடி, எங்கே கூப்பிட்டாலும் படத்தோடு போகிறவர் அவர்.

பிறகு அன்னா அக்மதோவாவைப் பற்றிப் படித்தோம். 1938இல் அவருடைய மகன் லெவ் கைது செய்யப்பட்டான். மகனுக்காக லெனின்கிராட் சிறைவாசலில் மற்றப் பெண்களோடு பதினேழு மாதம் வரிசையில் நின்றார் அந்தக் கவிஞர். அந்த நிற்றலை 'ரெக்வியம்' என்ற நெடுங்கவிதையாக எழுதினார். வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து. ஆகவே துண்டுக் கடதாசியில் எழுதி நம்பிக்கையான தோழிகளுக்குக் காட்டுவார். அவர்கள் மனப்பாடம் செய்ததும் கடதாசியை எரித்துவிடுவார். அப்படிப் பெண்களின் ஞாபகத்திலேயே பல வருடம் இருந்த கவிதை 1963இல் ஜெர்மனியில் அச்சாகியது. அவருடைய நாட்டில் 1987இல்தான் முழுமையாக வெளிவந்தது. அவர் 1966இலேயே இறந்துவிட்டார்.

விடுமுறைக்கு வந்தபோது அம்மாவுக்கு இதைச் சொன்னேன். "மகன் திரும்பி வந்தவனோ?" என்று மட்டும் கேட்டார். வந்தான், பல வருடம் சிறையிலும் முகாமிலும் இருந்து வந்தான் என்றேன். அம்மா பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

சென்ற வருடம் ஒருநாள் கடைக்கு வயதான ரஷ்ய அம்மா ஒருவர் வந்தார். செவ்விளநீரின் விலையை அவருடைய மொழியில் சொன்னதும் முகம் மலர்ந்து போனது. சுவரில் மாலை போடாமல் இருக்கும் அண்ணாவின் படத்தைக் கண்டு, அம்மாவைக் காட்டி, "ஸின்?" என்றார். மகனா என்று அர்த்தம். ஆம் என்று சொல்லி, போரில் காணாமல் போனதையும் சொன்னேன். "அனா இஸ்காலா" என்று முடித்தேன்.

"என்ன சொன்னனீ?" என்று அம்மா கேட்டார்.

"நீங்கள் தேடினீங்கள் எண்டு சொன்னனான்."

"தேடினன் எண்டோ? தேடுறன் எண்டு சொல்லு."

"அனா இஷ்ஷித்" என்று திருத்திச் சொன்னேன். அந்த ரஷ்ய அம்மா இளநீரை மேசையில் வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வான்காரர் ஹோர்ன் அடிக்கும்வரை விடவில்லை.