வைரஸ் கையாலேயே வைரஸுக்கு விஷம்!

அக்கி வந்தால் நம் வீடுகளில் முதலில் என்ன செய்வோம்? மண்பானை செய்பவரிடம் போய் காவி குழைத்து எழுதிக்கொண்டு வருவோம். எரிச்சலுக்குக் குளுகுளுவென்று இருக்கும், வாஸ்தவம்தான். ஆனால் உள்ளே இருக்கும் வைரஸ் அதற்கெல்லாம் அசையாது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.

அதை மடக்க ஒரு மாத்திரை உண்டு. பெயர் அசைக்ளோவிர். அதன் சூட்சுமத்தைக் கண்டறிந்த குழுவின் தலைவி கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்கப் பெண்மணி. ஆராய்ச்சிப் படிப்பை முடிக்காமலேயே நோபல் பரிசு வாங்கியவர்!

1918-ல் நியூயார்க்கில் பிறந்தார். பதினைந்து வயதில், ஆசைத் தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் இறந்ததைப் பார்த்ததும் வேதியியல் படிப்பது என்று தீர்மானித்தார். 1937-ல் பட்டமும் வாங்கியாச்சு. வேலை? 'பெண் ஒருத்தி இருந்தால் மற்றவர்கள் கவனம் சிதறும்' என்று திருப்பி அனுப்பினார்கள். சம்பளமில்லாத லேப் வேலை, டீச்சர் வேலை, ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கிற வேலை... எல்லாம் பார்த்தார். உலக யுத்தத்தால் ஆண்களுக்குத் தட்டுப்பாடு வந்த பிறகே கதவு திறந்தது. 1944-ல் பரோஸ் வெல்கம் கம்பெனியில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸிடம் சேர்ந்தார். மாலையில் ஆராய்ச்சிப் படிப்பு. 'முழுநேரம் வந்தால்தான் பட்டம்' என்றார்கள். வேலையே போதும் என்று விட்டுவிட்டார்.

சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கிறதே, அது உமிழ்நீரில் உள்ள என்சைம் செய்யும் வேலை. உடம்பில் எது நடக்கவும் இப்படி ஒரு என்சைம் வேண்டும். கிருமியின் என்சைம் எந்த இடத்தில் நம்முடையதிலிருந்து மாறுபடுகிறது? அங்கே அடி! இதுதான் இருவரின் வழி. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மெர்காப்டோப்யூரின், யூரிக் அமிலத்தை உண்டாக்கும் என்சைமைத் தடுக்கும் அலோப்யூரினால் எல்லாம் இவர்கள் தந்ததே.

அசைக்ளோவிர் கதை இன்னும் ருசி. மருந்தை உருவாக்கியவர் சக விஞ்ஞானி ஹோவர்ட் ஷேஃபர். அது வேலை செய்யும் விதத்தை எலியன் குழு 1977-ல் வெளியிட்டது. விழுங்கும்போது அது சாது. வைரஸ் புகுந்த செல்லில், வைரஸின் சொந்த என்சைமான தைமிடின் கைனேஸ், இதைத் தன் சரக்கு என்று ஏமாந்து ஒரு பாஸ்பேட்டை மாட்டிவிடுகிறது. செல்லின் என்சைம்கள் மேலும் இரண்டைச் சேர்க்கின்றன. அவ்வளவுதான்! வைரஸின் டி.என்.ஏ. சங்கிலியில் போய் உட்கார்ந்து, அடுத்த கண்ணியைக் கோக்க விடாமல் நிறுத்திவிடும். வைரஸ் இல்லாத செல்லில் அந்த முதல் பாஸ்பேட் ஏறுவது மிகவும் குறைவு. அதனால் நமக்குச் சேதமும் குறைவு. 1988-ல் எலியன், ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எலியன் 1999-ல் காலமானார்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வைரஸ் பெருகும் சமயத்தில்தான் இந்த மருந்துக்கு வேலை. சின்னம்மைக்குப் பின் நரம்பு முடிச்சில் தூங்கிக் கிடக்கும் வைரஸை இது ஒன்றும் செய்யாது. அதுவே விழித்து அக்கியாகக் கிளம்பினால், கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பிப்பது நல்லது. ஒரு வாரம் எழுதிப் பார்த்துவிட்டுப் போனால் அந்த நேரம் கை நழுவிவிடும். வயதானவர்களுக்கு, புண் ஆறியும் மாதக்கணக்கில் வலி நிற்பதுண்டு. நெற்றி, கண்ணோரம், மூக்கு நுனியில் கொப்புளம் என்றால் அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓடுங்கள். கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். கடையில் நீங்களாகவே கேட்டு வாங்காதீர்கள்.

'அப்போ காவி எழுதவே கூடாதா வைத்தியரே?' என்கிறீர்களா? கொப்புளம் உடைந்திருந்தால் வேண்டவே வேண்டாம், சீழ் பிடிக்கும். சுத்தமான ஈரத்துணி ஒத்தடமே போதும்.