அமெரிக்க மாநில வரியும் கணக்காளர் துணையும்

'இறை' என்னுஞ் சொல் அரசனையுங் குறிக்கும். அவனுக்குக் குடிகள் செலுத்தும் வரியையுங் குறிக்கும். ஆளுபவன் எவனோ அவனே வரி கொள்பவன் என்னும் உண்மை இச்சொல்லாட்சியால் விளங்கும். ஐக்கிய அமெரிக்காவிலோ ஒருவரை ஆளும் அரசுகள் இரண்டு. ஒன்று நாடு முழுவதற்கும் உரிய கூட்டாட்சி அரசு. மற்றையது அவர் வாழும் மாநிலத்தின் அரசு. ஆகவே ஆங்கு இறையும் ஈரிறையாகின்றது. எமது கல்லூரியிற் பயின்று உயர்கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் அந்நாடு செல்வோர் இவ்வேறுபாட்டை உணராது இடர்ப்படுதலுண்டு. அதனை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

மாநில வருமான வரி பிற்காலத்தில் ஒட்டப்பட்ட ஒன்றன்று. விஸ்கொன்சின் மாநிலம் 1911ஆம் ஆண்டிலேயே அதனைச் சட்டமாக்கி வெற்றியுடன் நடாத்தியது. இன்றுள்ள கூட்டாட்சி வருமான வரிக்கு வழிவகுத்த அரசியலமைப்பின் 16ஆந் திருத்தம் 1913ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. மாநிலங்கள் தத்தம் வரியைத் தாமே வகுப்பனவாதலின் அவற்றிடையே ஒருமைப்பாடில்லை. கலிபோர்ணியாவில் வருமானம் உயர உயர வீதமும் உயர்ந்து, மிகப் பெருஞ் செல்வர்க்கு 13.3 சதவீதத்தை எட்டும். பென்சில்வேனியாவிலோ யாவர்க்கும் ஒரே வீதம், அது 3.07 சதவீதம். ரெக்சாஸ் மாநிலத்தில் தனியாள் வருமான வரியே இல்லை. 2019ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்து அதனை அரசியலமைப்பாலும் தடுத்துள்ளனர். நியூ யோர்க் நகர் போன்ற சிலவிடங்களில் மாநகரமும் தன் பங்குக்கு வருமான வரி கொள்ளும்.

வீதத்தினும் சிக்கலானது 'எம்மாநிலத்தவர்?' என்னும் வினா. ஒருவர் நியூ ஜேர்சியில் வாழ்ந்துகொண்டு நியூ யோர்க்கில் வேலை செய்கின்றாரெனக் கொள்வோம். வேலை செய்த மாநிலம் வதியாதார் என்ற முறையில் அச்சம்பளத்துக்கு வரி கொள்ளும். வாழும் மாநிலமும் அவருடைய முழு வருமானத்தையுங் கணக்கிடும். பின்னர், முன்னையதற்குச் செலுத்திய தொகைக்கு ஓரெல்லைவரை கழிவு கொடுக்கும். அவர் உரிய இரு கணக்குகளையும் சமர்ப்பித்துக் கேட்டாலன்றிக் கழிவு தானே வந்தடையாது. நியூ ஜேர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் இடையிலோ உடன்பாடொன்று உண்டு. அதன்படி சம்பளத்துக்கு வாழும் மாநிலமே வரி கொள்ளும். அண்டை மாநிலங்களிடையேயும் நெறி இவ்வாறு மாறுதல் காண்க. மேலும், வேறிடத்தை நிலையான இல்லமாகக் கொண்டவரேனும், நியூ யோர்க்கில் நிரந்தரமானதொரு மனை வைத்து ஆண்டில் 183 நாளுக்கு மேல் அம்மாநிலத்திலிருந்தால் அங்கு வதிவோராகவே பொதுவிற் கொள்ளப்படுவர்.

எம்மவர் சிறப்பாகக் கருதவேண்டிய தொன்றுண்டு. இலங்கைக்கும் அமெரிக்காவுக்குமிடையே இரட்டை வரி தவிர்க்கும் உடன்படிக்கை 1985ஆம் ஆண்டு கையெழுத்தாகி, 2004ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அது கூட்டாட்சி வருமான வரி பற்றியது. கலிபோர்ணியா போன்ற சில மாநிலங்கள் அத்தகைய உடன்படிக்கைகளின் விலக்குகளைப் பின்பற்றுவதில்லை. எனவே கூட்டாட்சிக் கணக்கில் விலக்குப் பெற்ற வருமானம் மாநிலக் கணக்கில் வரிக்குட்படலாம். விலக்கு என்ற சொல்லை மட்டும் நம்பி வாளாவிருந்தவர்க்குச் சில ஆண்டுகள் கழித்து வரியும் வட்டியும் தண்டமுங் கோருங் கடிதம் வருதல் கூடும்.

இக்காரணங்களாலேயே அவ்விடத்து நெறியறிந்த கணக்காளரின் துணை வேண்டப்படுகின்றது. சான்றுபெற்ற பொதுக் கணக்காளர் என்னும் பட்டத்தை முதன்முதல் 1896ஆம் ஆண்டு சட்டத்தால் நிறுவியது நியூ யோர்க் மாநிலமாகும். இன்று பரீட்சை நாடெங்கும் பொதுவாயினும் அனுமதிப்பத்திரம் வழங்குவது அவ்வம் மாநிலக் கணக்காளர் சபையே. இவரன்றி, கூட்டாட்சித் திறைசேரியால் அனுமதிக்கப்பட்ட வரி முகவரும் உளர். அவர் உள்நாட்டு இறைவரிச் சேவையின் முன் எம்மாநிலத்தவர்க்காகவும் தோன்றலாம். கூலி பெற்றுக் கூட்டாட்சி வரிக்கணக்கு எழுதுவோர் அனைவரும் பதிவிலக்கம் ஒன்று பெறவேண்டும். ஆயின் அதனைப் பெறப் பரீட்சை எதுவுமின்மையால் இலக்கத்தைக் கல்விக்குச் சான்றாகக் கொள்ளுதல் தவறு.

ஆதலின் கணக்காளரை நாடுவோர் முதலில் மாநிலச் சபையின் பதிவேட்டில் அவர் பெயரும் அனுமதியின் நிலையும் உளவோவெனப் பார்த்தல் வேண்டும். இரண்டாவதாக, தமக்குத் தொடர்புள்ள மாநிலங்களின் கணக்கை அவர் முன்பு எழுதியதுண்டோ, உடன்படிக்கை விடயங்களில் அவருக்குப் பழக்கமுண்டோவென வினவுதல் வேண்டும். மூன்றாவதாக, செய்யும் வேலையையும் கூலியையும் எழுத்திற் பெறுதல் நன்று. மீளப்பெறுந் தொகையிற் பங்கு கேட்பவரையும், தாமெழுதிய கணக்கிற் கையொப்பமிட மறுப்பவரையும் விலக்குக. கையொப்பமிடுதல் அவருடைய சட்டக் கடமையாகும். கணக்கின் பிரதிகளைப் பேணிவைத்தலும் இன்றியமையாதது. பொதுவாகக் கூட்டாட்சி அரசு 3 ஆண்டுவரையும் கலிபோர்ணியா 4 ஆண்டுவரையும் கணக்கை மீளாராயலாம்.

யாவற்றினும் மேலாக ஒன்று நினைவிலிருத்தற்பாலது. கணக்கை எழுதுபவர் பிறராயினும் அதன் உண்மைக்குப் பொறுப்பாளர் வரியிறுப்பவரே. சென்ற இடம், தங்கிய நாட்கள், பெற்ற ஊதியம் ஆகியவற்றை அவர் மறையாது கூறினாலன்றி எத்துணை வல்ல கணக்காளரும் உதவுதல் அரிது. வழக்கறிஞரிடத்தும் மருத்துவரிடத்தும் உண்மை மறைத்தல் எத்துணைத் தீதோ, கணக்காளரிடத்து மறைத்தலும் அத்துணைத் தீதென்க.