தாடி வெச்ச பொண்ணு!

"மாப்ளே, சத்தம் போடாம ஜன்னல் பக்கம் வா. மொத்தம் எத்தனை தாடின்னு எண்ணிச் சொல்லு!" என்றார் அத்தான்.

காலை ஆறரை மணி. பல்கூடத் தேய்க்கவில்லை. போன ஏப்ரலில் அமெரிக்காவில் அக்கா வீட்டுக்குப் போய் இறங்கிய மூன்றாம் நாள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் பக்கம் வீடு. கொல்லையைத் தாண்டினால் காடு, அதற்கு மேலே மவுண்ட் டாம் மலை.

எட்டிப் பார்த்தேன். புல்வெளியில் பத்துப் பன்னிரண்டு காட்டு வான்கோழிகள், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆடிட்டர்கள் மாதிரி தரையைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தன. எனக்கு வான்கோழி என்றால் மயிலைப் பார்த்து ஆடி மானம் போன கேஸ் என்றுதான் தெரியும். (ஔவையார் உபயம்!)

தாடி என்றால் முகத்தில் தேடாதீர்கள். நெஞ்சிலிருந்து குதிரைவால் மயிர் மாதிரி தொங்கும் முரட்டு இறகுக் கொத்து அது. சேவலுக்கு இருக்கும். எண்ணினேன்.

"மூணு தாடி. அப்போ மூணு சேவல்."

"ஃபெயில்! தாடி மூணு, சேவல் ரெண்டு."

மூன்றாவது பெட்டையாம். நெஞ்சு இறகின் நுனி கறுப்பாக இருந்தால் சேவல், வெளிர்பழுப்பாக இருந்தால் பெட்டை. தாடியை நம்பினால் மோசம் போக வேண்டியதுதான். சில பெட்டைக்குத் தாடி முளைக்கும். சில சேவலுக்கு ஒன்றுக்கு ரெண்டாக, மூன்றாக முளைக்கும். காலில் ஒரு முள் இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு முள்ளோடு திரிகிற பயில்வான்களும் உண்டு.

"அங்கே பாருடா, உன்னை மாதிரியே இளநரை!" என்றாள் அக்கா, காபியோடு வந்து.

கும்பலின் ஓரத்தில் ஒரு பெட்டை சாம்பலும் வெள்ளையுமாக நின்றது. பழுப்பு நிறம் மட்டும் கழன்றுபோய், இறகு நுனியில் கறுப்பு மிச்சமிருந்தது. அல்பினோ இல்லை. அல்பினோ என்றால் கண் சிவந்திருக்கும், இதற்குக் கறுப்புக் கண். தலைமுறை தலைமுறையாக ஒளிந்திருந்து எப்போதோ தலைகாட்டும் மரபணுவின் வேலை. இருபத்தாறு வயதிலிருந்து டை அடிக்கும் எனக்கு அதன்மேல் பாசம் வந்துவிட்டது. அது டை அடிக்க முடியாதே சார்! மற்ற பெட்டைகள் சருகோடு சருகாக மறைந்து, தரையில் சுமார் 28 நாள் அடைகாக்கும். இது உட்கார்ந்தால் நரிக்கு அட்ரஸ் கொடுத்த மாதிரி.

தாடிக்காரிக்கு ஆபத்து வேறு ரூட்டில். வசந்தகால வேட்டையில் சேவலை மட்டும் சுடட்டும் என்று பல மாநிலங்களில் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் சட்டத்தில் எழுதியிருப்பது 'தாடியுள்ள பறவை'. மாசசூசெட்ஸிலும் அப்படியே. ஆக, தாடி முளைத்த பெட்டையைச் சுட்டாலும் குற்றமில்லை.

1973-ல் ஆரம்பித்த தேசிய காட்டு வான்கோழி சம்மேளனம் வேட்டைக்காரர்களுக்கு மார்க் போடுகிறது. பறவையின் எடை பவுண்டில், அதோடு தாடி நீளத்தை இரண்டால் பெருக்கி, முள் நீளத்தைப் பத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். பி.காம். மூளை சும்மா இருக்குமா? 20 பவுண்டு சேவல், 10 அங்குலத் தாடி, காலுக்கு ஓரங்குல முள்... மொத்தம் 60. இன்னொரு தாடி 5 அங்குலத்துக்கு இருந்தால் 70! அபூர்வமாகப் பிறந்ததற்கு போனஸ், சுட்டவனுக்கு.

ஆனால் வேட்டைக்காரர்களை ஒரேயடியாகத் திட்டவும் முடியவில்லை. இந்த மாநிலத்தின் கடைசி வான்கோழி 1851 வாக்கில் இதே மவுண்ட் டாமில்தான் சுடப்பட்டது. அப்புறம் நூற்றிச் சொச்சம் வருஷம் சுத்த சூன்யம். 1972-73-ல் நியூயார்க் மாநிலத்திலிருந்து 37 பறவைகளைப் பிடித்து வந்து மேற்கே பெர்க்‌ஷயர் மலைகளில் விட்டார்கள். இன்று 30,000-க்கு மேல்! வேட்டை லைசென்ஸ் காசும் இப்படிப்பட்ட வேலைக்குத்தான் போகிறது.

ஏப்ரல் கடைசியில் சீசன் தொடங்கியது. விடிகாலை மலைப்பக்கம் ரெண்டு வெடிச்சத்தம். அத்தான் காபியை ஆறவிட்டு ஜன்னலிலேயே நின்றார். ஒன்பது மணிக்குக் கும்பல் வந்தது. நரை இருந்தது. தாடிக்காரி இல்லை.

"அடைகாக்கப் போயிருப்பா" என்றார், என்னைப் பார்க்காமல். அன்று ஆபீசுக்கு லீவு.

மே நடுவில் நான் கிளம்பும்வரை அவள் வரவில்லை. ஜூனில் ஒரு ராத்திரி அக்காவிடமிருந்து போன். "டேய், தாடிக்காரி வந்துட்டாடா! ஏழு குஞ்சு!"

பின்னாலிருந்து அத்தான் கத்துவது கேட்டது: "எட்டுடீ... எட்டு! ஒழுங்கா எண்ணு!"