திரை கறுக்கிறதா? முதலில் வேகத்தைக் குறையுங்கள்

லேப்டாப்பில் கேம் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று திரை கறுக்கும். சில நொடி கழித்து டெஸ்க்டாப் மட்டும் வந்து நிற்கும். கிராபிக்ஸ் சிப் 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் அது உறைந்துவிட்டது என்று விண்டோஸ் முடிவுகட்டி, டிரைவரை மறுபடி தொடங்குகிறது. விஸ்டா காலத்திலிருந்தே இருக்கும் ஏற்பாடு இது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். அங்கே 'என்விஎல்டிடிஎம்கேஎம்' என்ற பெயர் இருந்தால் விழுந்தது என்விடியா சிப். பல லேப்டாப்புகளில் பிராசசருக்குள் ஒன்று, தனியாக ஒன்று என இரண்டு கிராபிக்ஸ் இருப்பதால், இதை உறுதி செய்துகொள்வது அவசியம்.

டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாகப் போடுவது, ஃபேன் தூசியைத் தட்டுவது, கம்பெனி கொடுத்த அடாப்டரையே செருகுவது எல்லாம் முதலில் முடியட்டும். அதற்குப் பிறகும் விழுந்தால்தான் வோல்டேஜ் பக்கம் போகவேண்டும்.

சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களுக்கு வோல்டேஜ் குறைந்தால் அவை மெதுவாக மாறும். கடிகாரத் துடிப்பு அடுத்த முறை அடிப்பதற்குள் சிக்னல் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் கணக்கு தப்பும், சிப் உறையும். ஆகவே ஒவ்வொரு வேகத்துக்கும் இவ்வளவு வோல்டேஜ் என்று ஒரு வளைகோடு சிப்புக்குள் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே மாடலிலும் எல்லாச் சிப்பும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வருடங்கள் ஓடினால் அதே வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் கேட்கவும் செய்யும். அந்தக் கோட்டில் விட்டுவைத்த உபரி தீர்ந்துபோன சிப்தான் இப்படி விழுகிறது.

'அண்டர்வோல்ட் செய்தால், அதாவது வோல்டேஜைக் குறைத்தால், சரியாகிவிடும்' என்று பலர் சொல்வதை இங்கேதான் யோசித்து ஏற்கவேண்டும். சூட்டால் விழும் லேப்டாப்புக்கு அது மருந்து. வோல்டேஜ் போதாமல் விழும் லேப்டாப்புக்கோ அதுவே நோயைக் கூட்டும். எது உங்களுடையது என்று பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவச மென்பொருள். மற்ற கம்பெனி லேப்டாப்பிலும் ஓடும். அதில் வோல்டேஜ் பட்டை பெரும்பாலான லேப்டாப்புகளில் பூட்டியே இருக்கும். கவலை வேண்டாம், 'கோர் கிளாக்' போதும். அதை 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பொருத்துங்கள். முழு வளைகோடும் கீழே இறங்குகிறது. 900 மில்லிவோல்ட்டில் 1800 ஓடிய சிப் இப்போது அதே வோல்டேஜில் 1700 மட்டும் ஓடும். ஒரு பைசா வோல்டேஜ் ஏற்றாமலே, ஒவ்வொரு வேகத்துக்கும் முன்பைவிட அதிக வோல்டேஜ் கொடுத்தாகிவிட்டது. சிப்புக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. இத்தனை நாள் விழுந்த அதே கேமை ஓட்டிப் பாருங்கள். விழவில்லையென்றால் பெரும்பாலும் வோல்டேஜ் போதாமைதான் காரணம். பிறகு 75, 50 என்று தளர்த்தி, எந்த இடம்வரை தாங்குகிறது என்று பார்க்கலாம்.

விழும் நேரமும் துப்பு தரும். சிப் சூடேறிய பிறகு விழுந்தால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். கேம் தொடங்கியதும், அல்லது மெனுவில் சும்மா நிற்கும்போது விழுந்தால் வோல்டேஜ் போதாமை என்றே நான் முதலில் சந்தேகிப்பேன். குளிர்ந்த, வேலை குறைந்த சிப்தான் கோட்டின் உச்சிக்குத் தாவும். முழுச் சுமையில் மின்வரம்பு அதைக் கீழே இழுத்துவிடும். பல மணி நேரம் சுமைச் சோதனையில் தேறிய லேப்டாப் சாதாரண கேமில் விழுவது இதனால்தான்.

வெப்பம்தான் காரணம் என்றால் அண்டர்வோல்ட் நன்றாகப் பலன் தரும். சிப் வேலை செய்யும்போது தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 900 மில்லிவோல்ட்டை 810 ஆக்கினால், அதாவது 10 சதவீதம் குறைத்தால், அந்த மின்சாரம் ஏறக்குறைய 19 சதவீதம் குறையும். ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலும் எஃப்பும் அமுக்கினால் வளைகோடு திறக்கும். ஒரு புள்ளியைத் தேர்ந்து, அதற்கு வலப்பக்கம் இருப்பதையெல்லாம் அதே உயரத்துக்குச் சமமாக்குங்கள். 25 மில்லிவோல்ட் படிகளில் இறங்கினால் போதும். சில நாள் ஓட்டிப் பார்க்கும்வரை, விண்டோஸ் தொடங்கும்போதே பொருத்தும் பொத்தானைத் தொடாதீர்கள்; பிசகினால் ரீஸ்டார்ட் செய்தாலே பழையபடி ஆகிவிடும்.

வோல்டேஜை ஏற்றும் யோசனையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றுக்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ் போய், அவை சீக்கிரம் தேய்ந்தன. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வந்தது. அந்தப் பிராசசர்களில் கேம்கள் பல 'வீடியோ மெமரி போதவில்லை' என்று சொல்லித்தான் விழுந்தன. கிராபிக்ஸ் கார்டில் பழுதே இல்லை.

திரையில் வண்ணப் புள்ளிகளோ கட்டங்களோ தெரிந்தால் மெமரி கிளாக்கைக் குறைத்துப் பாருங்கள். கோர் கிளாக்கை 200 குறைத்தும் விழுகிறதென்றால் அமைப்புகளோடு மல்லுக்கட்டுவதை நிறுத்துங்கள்; பழுது சிப்பிலேயே இருக்கலாம். 2008 ஜூலையில் என்விடியா தன் பழைய லேப்டாப் சிப்கள் சிலவற்றின் பேக்கேஜிங் கோளாறுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த வகைப் பழுதுக்கு எந்த மென்பொருளும் மருந்தாகாது. வாரன்ட்டி இருக்கும்போதே, 4101 பதிவுகளைப் படமெடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.