பெர்லின் சுவரில் முட்டிய காஸ்பரோவ்

2000 அக்டோபர் 8, லண்டன். உலக செஸ் பட்டப் போட்டியின் முதல் ஆட்டம். வெள்ளைக் காய்களுடன் கேரி காஸ்பரோவ். 1985 முதல் யாருக்கும் விட்டுக்கொடுக்காத சாம்பியன். எதிரே 25 வயது விளாடிமிர் கிராம்னிக்.

காஸ்பரோவ் ராய் லோபஸ் தொடக்கத்தை ஆட, மூன்றாவது நகர்த்தலில் கிராம்னிக் தன் இன்னொரு குதிரையையும் வெளியே கொண்டுவந்தார். பெர்லின் தற்காப்பு! 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆடப்பட்டு, பெரிய போட்டிகளில் அரிதாகிப்போன பழைய வழி அது.

எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் வெட்டுப்பட்டன. வெள்ளை ராணியைக் கறுப்பு ராஜாவே வெட்ட வேண்டியிருந்ததால், இனி அதனால் கோட்டை கட்ட முடியாது. கறுப்புச் சிப்பாய்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டு நின்றன. மற்ற காய்களும் வெட்டுப்பட்டு வெறும் சிப்பாய்கள் மிஞ்சினால் வெள்ளைக்கே வெற்றி. பிறகு ஏன் கிராம்னிக் இதைத் தேர்ந்தெடுத்தார்?

காஸ்பரோவின் பலம் தாக்குதல். ராணி பலகையில் இருந்தால், ஒரு சிறு பிளவு போதும், எதிராளியின் ராஜாவைச் சூழ்ந்துவிடுவார். ராணி போனபின் யாரைச் சூழ்வது? நடுவில் நிற்கும் கறுப்பு ராஜாவுக்குப் பெரிய ஆபத்தில்லை. கையில் இரண்டு பிஷப்புகளும் உண்டு. கோட்டை கட்டும் உரிமையை விலையாகக் கொடுத்து, முதலையைக் கரைக்கு இழுத்துவிட்டார் கிராம்னிக்.

25 நகர்த்தல்களில் ஆட்டம் டிரா. மூன்றாவது, ஒன்பதாவது, பதின்மூன்றாவது ஆட்டங்களிலும் இதே பெர்லின், இதே டிரா. கிராம்னிக்கோ, வெள்ளைக் காய்களுடன் ஆடிய இரண்டாவது, பத்தாவது ஆட்டங்களை வென்றார். ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல், 6.5–8.5 என்ற கணக்கில் பட்டத்தை இழந்தார் காஸ்பரோவ். 'பெர்லின் சுவர்' என்ற பெயர் அந்தத் தற்காப்போடு ஒட்டிக்கொண்டது.

2013-இல் சென்னையில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் விஸ்வநாதன் ஆனந்துக்கு எதிராக மாக்னஸ் கார்ல்சனும் அதையே எடுத்தார். நான்காவது ஆட்டத்தில் ராணிகள் சீக்கிரமே வெளியேறின. நீண்ட போராட்டத்துக்குப் பின் டிரா. ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் அந்த ராணி மாற்றத்துக்கே இடம் கொடுக்காமல் வேறு பாதையில் போனார். ஆனாலும் கடைசியில் யானை முடிவாட்டத்தில் கார்ல்சன் வென்றார்.

தொடக்கம் என்றாலே மேலாதிக்கம் தேடுவது என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். கிராம்னிக் தேடியது அதையல்ல. பலகையில் சற்றுப் பின்தங்கினாலும், தனக்குச் சரளமாக வரும், எதிராளிக்குக் கசக்கும் ஒரு நிலை அவருக்குப் போதுமாக இருந்தது.